கழற்றி மாட்டும் சீரியல் போர்ட்

கன்ட்ரோல் போர்டுகளைச் சோதிக்கும் மேசைக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. மேசையில் இருப்பவர் நாள் முழுக்க ஒரு போர்டை மாட்டுவார், சோதிப்பார், கழற்றுவார், அடுத்ததை எடுப்பார். கேபிள் கழன்றதை ஆபத்தாக நினைத்து நின்றுவிடும் நிரல் அவருக்கு எதற்கு?

போர்டு யூஎஸ்பி கேபிள் வழியாக, சீரியல் போர்ட்டாக (தகவலை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் இணைப்பு) கணினியோடு பேசும். லினக்ஸில் முதல் போர்டு டிடிஒய்யூஎஸ்பி0 (ttyUSB0) என்று வரும். கேபிளைப் பிடுங்கிய பிறகும் நிரல் அந்தப் போர்ட்டைத் திறந்தே வைத்திருந்தால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்த எண்ணை விடாது. அடுத்த போர்டு டிடிஒய்யூஎஸ்பி1 ஆகிவிடும்; நிரலோ 0-இன் வாசலிலேயே காத்துக் கிடக்கும். அதனால் பைசீரியலில் (சீரியல் போர்ட்டுக்கான பைத்தான் நூலகம்) சீரியல்எக்ஸெப்ஷன் என்ற பிழை வந்ததும் முதல் காரியம் குளோஸ், அதாவது போர்ட்டை மூடுவது. லாக் எழுதுவது, திரையில் செய்தி காட்டுவது எல்லாம் அப்புறம்.

எப்படியிருந்தாலும் அந்த எண்ணை நம்பி எழுதக்கூடாது. மாட்டும் கருவிகளுக்குப் பெயரும் அனுமதியும் தரும் லினக்ஸ் சேவை யூடெவ். அது தரும் பை-ஐடி (by-id) இணைப்பு நல்லதுதான், ஆனால் அது யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிப்பின் சீரியல் எண்ணைச் சார்ந்தது. எஃப்டி232 சிப்பில் பெரும்பாலும் அந்த எண் இருக்கும். மலிவான சிஎச்340 சிப்பில் பொதுவாக இருக்காது. இரண்டைச் சேர்த்து மாட்டினால் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். சோதனை மேசைக்கு நான் யூடெவ் தரும் இன்னொரு இணைப்பான பை-பாத்தையே (by-path) சொல்வேன். எந்த யூஎஸ்பி துளை என்பதை அது சொல்லும், போர்டு மாறினாலும் துளை மாறாது. ஹப்பில் 'இடது', 'வலது' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் மேசைக்காரரும் நிரலும் ஒரே பெயரில் பேசலாம்.

உபுண்டு 22.04-இல் சிஎச்340 வந்த வேகத்தில் மறைந்தால் பிஆர்எல்டிடிஒய்யைப் (brltty) பாருங்கள். பார்வையற்றோரின் பிரெய்ல் கருவிகளுக்கான சேவை அது. சில கருவிகளுக்கும் இந்தச் சிப்புக்கும் ஒரே அடையாள எண் என்பதால் நம் போர்டை அது எடுத்துக்கொள்கிறது. பலர் அதையே நீக்கச் சொல்கிறார்கள். பலர் புழங்கும் கணினியில் அப்படிச் செய்யாதீர்கள். யூடெவ் விதியில் அந்த ஒரு வரியை மட்டும் முடக்கினால் போதும்.

புதிய போர்டு வந்ததை அறிய பையூடெவ் (யூடெவுக்கான பைத்தான் நூலகம்) தரும் நிகழ்வுக்குக் காத்திருங்கள். கெர்னலின் அறிவிப்பை விட, யூடெவ் விதிகள் ஓடி முடிந்தபின் வரும் அறிவிப்பே உதவும். அனுமதிகள் அதற்குள் அமைந்திருக்கும். போர்ட் திறந்துவிட்டதாலேயே போர்டு தயார் என்று கொள்ள வேண்டாம். ஆர்டுயினோ ஊனோ போன்ற போர்டுகள் போர்ட்டைத் திறந்ததும் டிடிஆர் என்ற சமிக்ஞைக் கம்பி வழியாக ரீசெட் ஆகும். தேங்கிய பைட்டுகளைக் கொட்டிவிட்டு, பதிப்பு எண்ணைக் கேளுங்கள். பதில் வந்த பிறகு திரையில் பச்சை காட்டுங்கள்.