சேற்றுக்கு வழிவிட்ட பெல்ட்

போன ஐப்பசி அடைமழையில் எங்கள் வாழைக்கொல்லையில் தார் சுமந்து வந்த மாமா, வரப்பு திரும்பும் இடத்தில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகி இரண்டு மாதம் வேலைக்கு வர முடியவில்லை. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் கொல்லையில் தார் வெட்டுகிறவர். அன்றைக்கு என் சின்ன டிராக்டர் பத்தடி தள்ளி அச்சு வரை புதைந்து நின்றது. வண்டி போயிருந்தால் அவர் தலையில் சுமந்திருக்க வேண்டியதில்லை. அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

திருவையாறு பக்கம் குடமுருட்டிப் படுகையில் வாழை என்றால் எல்லோரும் வண்டல் மண்ணைத்தான் நினைப்பார்கள். எங்கள் கொல்லையில் ரோட்டை ஒட்டிய ஒரு ஏக்கர் முன்பு நெல் வயல். சுத்தக் களி. கொல்லைக்குள் எங்கே வெட்டினாலும் தார் அந்தக் களியைத் தாண்டித்தான் லாரிக்கு வரவேண்டும். கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிப் பார்த்தோம். நடவு வயலுக்கு அது சரி, வாழைக்கு ஆகாது. வாழை வேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுகிறது. கேஜ் வீல் போன தடத்தில் வேர் நார் நாராகக் கிழிந்து கிடந்ததைப் பார்த்த பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அறுவடைக்கு வரும் பெல்ட் வண்டி டயர் வண்டி மாட்டிக்கொள்ளும் வயலிலும் போகிறதே, அதே வழியை நம் வண்டிக்கும் செய்தால் என்ன? பட்டறை அண்ணனிடம் கேட்டேன். "தம்பி, பின்சக்கரத்துக்கு மட்டும் போடுவோம். முன்சக்கரம் அப்படியே இருக்கட்டும்" என்றார். மகன் போனில் தேடி, இது நூறு வருஷத்துக்கு முந்தைய யோசனை என்று படம் காட்டினான். 1922 கடைசியில் கிளம்பிச் சகாராவைக் கடந்த சித்ரோயன் கார்களுக்கு முன்னால் சக்கரம், பின்னால் ரப்பர் பெல்ட். 1958 ஜனவரி 4 அன்று எட்மண்ட் ஹிலாரி தென்துருவம் போய்ச் சேர்ந்தது பெர்குசன் விவசாய டிராக்டரில், சக்கரங்களைச் சுற்றிப் பெல்ட் மாட்டி. பனியில் போனது களியில் போகாதா என்று அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

கணக்கு எளிது. பின் அச்சில் ஏறக்குறைய 400 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். இரண்டு டயரும் சேர்ந்து சேற்றில் தொடும் பரப்பு சுமார் 1,000 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 கிராம். 30 சென்டிமீட்டர் அகலப் பெல்ட் 70 சென்டிமீட்டர் நீளம் தரையில் படிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 4,200. பெல்ட்டின் எடை 100 கிலோ கூடினாலும் 120 கிராம்தான். நான் ஒற்றைக்காலை ஊன்றி நடக்கும்போது மண்ணில் விழும் அழுத்தம் அதைவிட அதிகம்.

அறுவடை வண்டியின் பழைய ரப்பர் பெல்ட்டைத்தான் முதலில் பார்த்தோம். உள்ளே இரும்புக் கட்டைகளும் கம்பியும் வார்த்திருக்கும். வெட்டிச் சிறிதாக்கினால் மறுபடி இணைக்க வழியில்லை. அதனால் திருச்சியில் ஒரு காயலான் கடையில், உள்ளே நைலான் துணி வைத்த பழைய கன்வேயர் பெல்ட் வாங்கினோம். பின் டயரிலிருந்து 72 சென்டிமீட்டர் முன்னால் ஒரு பழைய மாருதி 800 வீல். இரண்டையும் சுற்றி 355 சென்டிமீட்டர் பெல்ட். குறுக்கே 40க்கு 40 மில்லிமீட்டர் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு), 30 சென்டிமீட்டர் துண்டாக, ஒரு பக்கத்துக்கு முப்பது. டயரைக் கிழிக்காமலிருக்க உருண்டைத் தலை போல்ட், தலை உட்பக்கம். பெல்ட் பக்கவாட்டில் நழுவாமலிருக்க ஒன்றுவிட்டு ஒரு ஆங்கிளில் இரு முனையிலும் பட்டை நிமிர்த்தி வெல்டிங்.

முன்னால் வரும் அந்த மாருதி வீலைத் (இனி முன்வீல்) தாங்கும் கையை எங்கே ஊன்றுவது என்பதில்தான் அண்ணனின் அனுபவம் தெரிந்தது. நான் சேசிஸில் ஊன்றலாம் என்றேன். அவர் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினார். மேடு ஏறும்போது முன்வீல் மேலே போகும். கையின் அச்சு வேறு இடத்தில் இருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி மாறும். ஒரு சமயம் பெல்ட் தொய்ந்து கழன்றுவிடும், ஒரு சமயம் இறுகி அறுந்துவிடும். பின்சக்கரம் எந்த மையத்தில் சுழல்கிறதோ அதே மையத்தில் கையும் ஆட வேண்டும். அதனால் அச்சு உறையைச் சுற்றி, தடித்த குழாயை இரண்டாகப் பிளந்து கவ்வி, அதன்மேல் கையை ஆடவிட்டோம். மாட்டுவதற்கு இன்னொரு சுலப வழியும் அவர் சொன்னதுதான்: பின் டயரில் காற்றை இறக்கிவிட்டுப் பெல்ட்டைப் போட்டு, பிறகு காற்றடிக்க வேண்டும். பெல்ட் தானாக இறுகிக்கொள்ளும்.

முதல் ஓட்டம் ஆனியில், தண்ணீர் கட்டி வைத்த அந்தக் களியிலேயே. நாற்பதடி அழகாகப் போனது. பிறகு டயர் சுற்றுகிறது, பெல்ட் நிற்கிறது. இறங்கிப் பார்த்தால் டயருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே களி சந்தனம் அரைத்தாற்போல அப்பிக் கிடந்தது. முன்வீல் பக்கம் அதே களி அடைத்து அடைத்துப் பெல்ட்டை முறுக்கேற்றியிருந்தது. அடுத்த ஐந்து நிமிஷத்தில் இணைப்பு பிய்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து வாரத்து வேலை.

இரண்டு நாள் கழித்து அண்ணனே கூப்பிட்டார். "சேத்தை உள்ள வராம தடுக்க முடியாது தம்பி. வந்தது வெளிய போக வழி விடணும்." அகலப் பெல்ட்டை எடுத்துவிட்டு ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டை, நடுவில் ஏழு சென்டிமீட்டர் இடைவெளி. ஆங்கிள்கள் ஏணிப்படி மாதிரி இரண்டையும் இணைத்தன. டயரின் அழுத்தத்தில் களி நடு வழியே பிதுங்கி வெளியே விழுந்தது. இன்னொரு நன்மையும் கூடவே வந்தது. டயரின் பற்கள் அந்த இடைவெளிக்குள் இறங்கி ஆங்கிளை நேராகப் பிடித்துத் தள்ளின. வெறும் உராய்வை நம்பி ஓட்டியது போய், பல் பிடித்து ஓடியது. முன்வீல் டயர் ஒடுக்கம் என்பதால் இரு பக்கமும் தகட்டு வளையம் சேர்த்து அகலமாக்கினோம். இணைப்பை மூன்று ஆங்கிளுக்கு அடியில் வரும்படி ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து இறுக்கினோம். மொத்தம் 240 போல்ட், எல்லாவற்றுக்கும் உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட். சாதாரண நட் போட்டால் அதிர்வில் கழன்றுவிடும்.

திருப்பம்தான் இன்னும் சிரமம். பெல்ட் நேராகப் போகவே பார்க்கிறது, முன்சக்கரம் சேற்றை உழுதுகொண்டு சறுக்குகிறது. இடது வலது பிரேக் மிதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் கொக்கியை எடுத்துவிட்டு, திரும்பும் பக்கத்து பிரேக்கை மிதித்துத்தான் திருப்ப வேண்டும். முதல் கியருக்கு மேல் போவதில்லை. தார் ரோட்டில் ஏற்றுவதே இல்லை, ஆங்கிள் ரோட்டைக் கொத்திவிடும். டிரெய்லர் கட்டினால் அதன் சக்கரம் புதைகிறது. அதனால் பின்னால் கலப்பை மாட்டித் தூக்கும் லிஃப்டில் பலகை மேடை போட்டு நடைக்குப் பதினைந்து பூவன் தார் ஏற்றுகிறோம்.

இந்த ஐப்பசியிலும் அடைமழைதான். தொடர்ந்து மூன்று நாள் பெய்த மறுநாள் காலை வெட்டு. மாமா வெட்டிக் கொடுக்க, மகன் பலகையில் சருகு விரித்து அடுக்கினான். அந்த வரப்புத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி இறங்கித் தடத்தைப் பார்த்தேன். ஏணிப்படி போல வரி வரியாக, இரண்டு விரல்கடை ஆழம்தான். வாய்க்கால் கரை உடையவில்லை. மதியத்துக்குள் லாரி நிறைந்துவிட்டது. மாலையில் மாமா குழாயடியில் நின்று, பெல்ட்டின் இடைவெளியில் ஒட்டிய களியை ஒரு குச்சியால் தானாகவே நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் இரண்டு ஆங்கிள் வளைந்திருக்கிறது, அடுத்த வெட்டுக்குள் மாற்ற வேண்டும்.