கால் மாற்றி ஒன்பது படி

இன்று காலை எங்கள் புளோக் படிக்கட்டில் கால் மாற்றி மாற்றி இறங்கினேன். ஒன்பது படிதான். கைப்பிடியை விடவில்லை.

மூன்று மாதமாக ஒரே பாடம்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். இரண்டு காலும் ஒரே படியில் சேர்ந்த பிறகுதான் அடுத்த படி.

ஈரத்தரையில் விழுந்ததில் முழங்கால் சில்லு இரண்டாக உடைந்தது. கம்பி வைத்து இழுத்துக் கட்டினார்கள். ஆறு வாரம் பிரேஸ், முழங்காலை அசையாமல் பிடிக்கும் பட்டை. அதைக் கழற்றிய அன்று, சூம்பிப்போன தொடையைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எலும்பு ஒட்டிவிடுகிறது. தொடைத்தசையை எழுப்புவதுதான் பெரும்பாடு. சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தச் சொன்னார் பிசியோ. முதல் நாள் அழுத்து அழுத்து என்று மனசு சொல்கிறது, தசை அசையவே இல்லை. அவர் என் கையை எடுத்துத் தொடைமேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ துடித்தது, மீன் துள்ளுவது போல. அழுதுவிட்டேன்.

இப்போது 110 டிகிரி மடங்குகிறது. பேருந்தில் ஏற, நாற்காலியில் உட்கார இது போதும். சம்மணம் போட இன்னும் மடங்க வேண்டும். சிராங்கூன் ரோடு கோயிலில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க, தூணோரம் நின்றது இன்னும் மனசில் இருக்கிறது.

கீழே வாய்ட் டெக்கில், புளோக்கின் திறந்த தரைத்தளத்தில், எதிர்வீட்டு அங்கிள்.

"என்னம்மா, கைத்தடி எங்கே?"

"வீட்டிலேயே இருக்கு, அங்கிள்."