படிக்கு 10, கிணற்றடிக்கு?

இன்று யாழ்ப்பாணத்தில் எங்கள் தொழில்வழிச் சிகிச்சையாளர்களுக்கான பயிற்சி மாநாடு. வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் வழமைபோல நீண்டது, அதை விடுவம்.

பாதல் சுட்டெண் (Barthel Index) பற்றிய அமர்வுதான் விசயம். 1965இல் அமெரிக்காவில் வெளியான அளவுகோல். 10 விடயங்கள், மொத்தம் 100 புள்ளி. பாரிசவாதம் வந்தவர் தன் அன்றாட வேலைகளைத் தானே எவ்வளவு செய்கிறார் என்று பார்க்க நாங்களும் இதை நிரப்புகிறோம். அதில் படியேறுவதற்கு 10 புள்ளி, குளிப்பதற்கு 5தான். சாவகச்சேரிப் பக்கத்து ஓட்டு வீட்டில் எந்தப் படியை ஏறுவது? ஈரச் சீமெந்தில் நின்று, ஒரு கை இயங்காமல், கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குளிப்பது மட்டும் சின்ன வேலையா?

நான் கேட்க முதல் மூத்த அக்கா ஒருவர் எழும்பிவிட்டா. “தம்பி, புள்ளி காணும் எண்டு வீட்ட அனுப்பினா, அந்த மனிசிக்கு ஆர் தண்ணி அள்ளுறது?”

பேச்சாளர் மழுப்பவில்லை. சுட்டெண்ணில் கை வைத்தால் மற்ற இடங்களின் புள்ளிகளோடு ஒப்பிட முடியாது. கிணற்றடி, குந்தும் மலசலகூடம், திருவலையில் தேங்காய் திருவுவது எல்லாவற்றையும் தனித்தாளில் பதியுங்கள் என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. என்ன, கிளினிக் நெரிசலில் இன்னொரு தாள் நிரப்ப நேரம் வேண்டுமே!

சாப்பாட்டு நேரத்திலேயே சிலர் சேர்ந்து அந்தத் தாளை எழுதத் தொடங்கிவிட்டோம். கிளிநொச்சி, வவுனியாவில் வேலை செய்கிற ஆட்கள் இன்பொக்ஸில் வாங்கோ.