அடுத்த கிளட்ச் பிளேட் வாங்கும் முன் பெல் ஹவுசிங்கைப் பாருங்கள்

இன்ஜின் மாற்றிய ஜீப்பில் ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது பிளேட்டும் போனால், குற்றம் பிளேட்டில் இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பாதி கிளட்ச்சில் ஊர்ந்தாலும் பிளேட் தேயும்தான். ஆனால் அது சுற்றிலும் சமமாகத் தேய்ந்திருக்கும், பிளைவீலும் நீலம் பாய்ந்திருக்கும். ரிவெட் ஓரமாக விரிசல் விட்ட ஹப், உடைந்த டேம்பர் ஸ்பிரிங், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த பைலட் புஷ் (கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் முனையைக் கிராங்கில் தாங்குவது) என்று பார்த்தால், இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே மையத்தில் உட்காரவில்லை என்று அர்த்தம். இரண்டையும் இணைத்து, கிளட்ச்சை மூடி நிற்கும் கூடுதான் பெல் ஹவுசிங், சுருக்கமாகப் பெல். அதைச் சரிசெய்யாமல் புதுப் பிளேட் போடுவது காசைக் கரியாக்கும் வேலை.

கழற்றும் முன் காதால் பாதி வேலை முடியும். நியூட்ரலில் பெடலைத் தொடாதபோது உறுமி, மிதித்ததும் அடங்கினால் கியர் பாக்ஸ் முன் பேரிங். பெடலில் கால் வைத்ததும் சர்ரென்று கிளம்பினால் ரிலீஸ் பேரிங். பெடலை முழுக்க மிதித்து முதல் கியரில் நிற்கும்போது மட்டும் கீச்சிட்டால் பைலட் புஷ் அல்லது பேரிங். அப்போதுதான் கிராங்க் சுற்றுகிறது, இன்புட் ஷாஃப்ட் நிற்கிறது. பெடல் எந்த நிலையில் இருந்தாலும் டொக் டொக்கென்று தட்டினால் முதலில் பிளைவீல் போல்ட்டையும் பெல் போல்ட்டையும் சந்தேகப்படுங்கள்.

வழுக்குகிறதா என்று பார்க்கக் கால் பிரேக்கை அழுத்தி, டாப் கியரில் 1,500 ஆர்.பி.எம். வைத்து கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். இதை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், சோதனையே பிளேட்டைத் தின்றுவிடும்.

ரிவர்ஸ் போடும்போது கரகரத்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை. மாற்றிய வண்டிகளில் இதற்குப் பெரும்பாலும் ஹைட்ராலிக் கணக்குதான் காரணம். ஒரு வண்டியின் மாஸ்டர் (பெடல் பக்கச் சிலிண்டர்), இன்னொரு வண்டியின் ஸ்லேவ் (கிளட்ச் பக்கச் சிலிண்டர்), மூன்றாவதின் ஃபோர்க் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் நெம்புகோல்) என்று சேர்த்தால் நகர்வு எப்படிச் சேரும்? மாஸ்டர் விட்டத்தை ஸ்லேவ் விட்டத்தால் வகுத்து, வர்க்கம் எடுத்து, மாஸ்டர் நகர்வால் பெருக்குங்கள். முக்கால் அங்குல மாஸ்டர் 30 மி.மீ. நகர்ந்தால் 7/8 அங்குல, அதாவது 22.2 மி.மீ. ஸ்லேவ் சுமார் 22 மி.மீ. தள்ளும். மாஸ்டர் 5/8 அங்குலமாக இருந்தால் 15 மி.மீ.தான். ஃபோர்க் விகிதம் இரண்டுக்கு ஒன்று என்றால் பேரிங்குக்குக் கிடைப்பது முதல் கணக்கில் 11, இரண்டாவதில் ஏழரை. பிரஷர் பிளேட் 8 முதல் 10 மி.மீ. கேட்கும் வகையானால் இரண்டாவது ஜோடி எத்தனை முறை ஏர் எடுத்தாலும் வேலைக்காகாது.

கணக்கு சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால் பாக்ஸை இறக்க வேண்டியதுதான். நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்த்தால் கனம் அதிகம். ஜாக்கியில் தாங்காமல் இறக்கினாலும் ஏற்றினாலும் மொத்த எடையும் பிளேட் ஹப்பில் தொங்கும். புதுப் பிளேட் வளைவது இங்கேதான். இறக்கியதும் துடைக்காதீர்கள். பெல் சுவரில் பிளைவீல் மட்டத்தில் கறுப்பு எண்ணெய் சுற்றி அடித்திருந்தால் இன்ஜின் பின் சீல். பெல்லின் அடியில், பாக்ஸ் பக்கம், கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பிளேட்டின் டேம்பர் பக்கம் போல்ட் தலை உரசிய வட்டக் கோடு இருந்தால் பிளேட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் பிளைவீலுக்கு உயரமான தலையுள்ள வேறு போல்ட் போட்டிருக்கிறார்கள்.

இனி டயல் கேஜ், சிறு விலகலையும் காட்டும் முள் அளவி. பெரும்பாலான பட்டறைகளில் இந்த ஒரு வேலையைத்தான் தவிர்க்கிறார்கள், நேரம் இல்லை என்பார்கள். கிளட்ச்சைக் கழற்றி, பெல்லை மட்டும், மாற்றிய இன்ஜினோடு அதைப் பொருத்தும் அடாப்டர் பிளேட்டோடு இறுக்குங்கள். காந்த ஸ்டாண்டைப் பிளைவீலில் ஒட்டி, முள்ளைப் பெல்லின் பின்துளை உள்சுவரில் வையுங்கள். டீசல் இன்ஜினில் குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றிவிட்டால் கிராங்க் கையால் சுற்றும். மேலே பூஜ்யம் வைத்து, மூன்று, ஆறு, ஒன்பது மணி இடங்களில் படியுங்கள். மூன்றையும் ஒன்பதையும் கூட்டினால் ஏறக்குறைய ஆறின் அளவு வர வேண்டும். வராவிட்டால் ஸ்டாண்ட் ஆடுகிறது, மறுபடி எடுங்கள். பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் வித்தியாசம் 0.13 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. 0.40 என்றால் மையம் 0.20 விலகியிருக்கிறது, விலகல் எப்போதும் வித்தியாசத்தில் பாதி. ஆறு மணியில் முள் உள்ளே தள்ளப்பட்டால் அடிச்சுவர் கிராங்குக்கு அருகில் வந்திருக்கிறது, அதாவது பெல் மேலே ஏறியிருக்கிறது. பாதியளவு இறக்க வேண்டும்.

இறக்குவது எப்படி? போல்ட் துளையை அகலமாக்கி அல்ல. போல்ட் இறுக்கிப் பிடிக்கத்தான், இடத்தில் நிறுத்துவது டவல் பின். புதுப்பேட்டையில் வாங்கும் பழைய பெல்லில் டவல் பெரும்பாலும் இருக்காது, அது பழைய இன்ஜின் பிளாக்கிலேயே தங்கியிருக்கும். லேத்தில் மையம் தள்ளிய டவல் இரண்டு கடைந்து, ஒரே திசையில் வைத்துத் தட்டி, மறுபடி அளக்க வேண்டும். அடாப்டர் பிளேட்டே கேஸ் கட்டிங்கில் வெட்டியது என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, போரிங் மெஷினில் புதிதாகச் செய்வது மலிவு. முள்ளைப் பின்முகத்திலும் வைத்து ஒரு சுற்றுப் பாருங்கள். அங்கே கோணல் காட்டினால் பாதி நேரம் பெயின்ட்டும் துருவும் பிசிறும்தான்.

அடுத்தது ஆழம். பெல் முகத்தில் நேர்க்கட்டை வைத்து இன்புட் ஷாஃப்ட் முனை எவ்வளவு வெளியே நிற்கிறது என்று வெர்னியரில் எடுங்கள். அடாப்டர் முகத்திலிருந்து கிராங்க் துளையின் அடிவரை எவ்வளவு என்றும் எடுங்கள். குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். பெல் கையால் தள்ளியே முகத்தோடு முகம் சேர வேண்டும். சேராத இடைவெளியைப் போல்ட்டால் இழுத்தால் பெல்லின் போல்ட் காது அங்கேயே உடையும், உடையாவிட்டால் கிராங்க் திரஸ்ட் வாஷர் போகும்.

ஓடும்போது காது உடைவதற்குக் காரணம் மவுன்ட், அதாவது இன்ஜினையும் பாக்ஸையும் சேஸில் தாங்கும் ரப்பர் தாங்கி. முதல் கியர் நாலுக்கு ஒன்று என்றும், பழைய ஜீப்பின் டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.46 என்றும் வைத்தால், இன்ஜின் முறுக்கு பின்னால் கிட்டத்தட்ட பத்து மடங்காகிறது. அந்த எதிர்முறுக்கைப் பாக்ஸின் கீழுள்ள மவுன்ட் வாங்காவிட்டால், பெல் வழியாக இன்ஜின் மவுன்ட்டுக்குப் போகும். பின் கிராஸ் மெம்பரில் ரப்பர் இல்லாமல் இரும்போடு இரும்பாக வெல்டு வைத்திருந்தாலும் அதே கதி. சேஸ் முறுகும்போதெல்லாம் பெல்தான் வளைகிறது. லோவுக்குப் பயந்து எண்ணூர் மணலில் ஹையிலேயே கிளட்ச்சைத் தேய்ப்பவர்களும் உண்டு. அது மருந்தல்ல, மவுன்ட்டைச் சரிசெய்யுங்கள்.

விரிசல் சந்தேகம் இருந்தால், அதைச் சாயத்தால் காட்டும் டை பெனிட்ரன்ட் நல்லது. இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் விட்டுத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவுங்கள். கோடு தானாக ஈரமாகி எழும். போல்ட் காதில் மட்டும் விரிசல் என்றால் முனையில் 3 மி.மீ. துளையிட்டு, வி வடிவில் தோண்டி, அலுமினியத்துக்கு டிக் வெல்டு வைக்கலாம். தட்டையான கனத்த பிளேட்டில் போல்ட் போட்டுப் பிடித்துக்கொண்டுதான் வைக்க வேண்டும், பிறகு முகத்தை மெஷின் செய்து மறுபடி டயல் கேஜ். டவல் துளையையோ பேரிங் இருக்கையையோ விரிசல் தொட்டிருந்தால் வெல்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம், வேறு பெல் தேடுங்கள்.

மழைக்காலத்தில் சென்னையின் கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் நீரில் இறங்கிய வண்டியும், கடல்நீரைத் தொட்ட வண்டியும் சில நாள் நின்றால் பிளேட் பிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பெல்லின் அடியில் உள்ள வடிகால் துளை சேற்றால் அடைபட்டிருக்கும், கம்பியால் குத்திவிடுங்கள். உப்பு நீர் போயிருந்தால் நல்ல தண்ணீரை அந்தப் பக்கம் பாய்ச்சி, அன்றே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.