ஆளிக்குள் ஒளிந்திருந்த கள்ளன்

மூன்று இரவுகளாக என் கேம் போய் (Game Boy) என்ற கையடக்க விளையாட்டுக் கருவி என்னோடு மல்லுக்கட்டியது. 1989இல் வந்த அதே சாம்பல் நிறப் பெட்டி. திரைக்குப் பின்னொளி பொருத்தி, அதில் மெட்டுப் போடவென்றே வைத்திருக்கிறேன். அடித்தாளம் இறங்கும் இடத்தில் திரை மங்கும், பிறகு எல்லாம் முதலிலிருந்து. சேமிக்காத மெட்டு போனது போனதுதான்.

நான்கு புதிய பற்றரிகள் போட்டேன். பின்னொளியைத் திட்டினேன். புறக்கோட்டையில் மின்தேக்கிகள்கூட வாங்கினேன் (வீண் செலவு, அம்மாவிடம் சொல்லவில்லை). கடைசியில்தான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுக்கப் புத்தி வந்தது. பாட்டு ஓடும்போது பற்றரி முனையில் 5.9 வோல்ட், ஆளியை (சுவிட்ச்) தாண்டியதும் 4க்கும் கீழே. உள்ளே 5 வோல்ட் எதிர்பார்க்கும் சுற்றுக்கு இது எப்படிப் போதும்? வெள்ளவத்தைக் கடற்காற்று சன்னல் கம்பியையே தின்கிறது, ஆளியின் மெல்லிய தகட்டை விடுமா?

பற்றரிகளைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் அற்ககோல் இரண்டு துளி விட்டு, ஆளியை ஐம்பது தடவை முன்னும் பின்னும் தள்ளினேன். பற்றரிச் சுருள்வில்லில் பச்சை பூத்திருந்தது. வினாகிரி தொட்டுத் தேய்த்தேன். நன்றாகக் காயவிட்டு அளந்தால் 5.8!

இப்போது பாட்டு நிற்காமல் ஓடுகிறது. கீழ்வீட்டு அன்ரிக்குத்தான் கவலை: "தம்பி, நேற்றுவரை இடைக்கிடையாவது நின்றதே."