ப்ளூகிராஸ் ஜாம்: சோலோவுக்கு முன்னால் தாளம்

ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையைப் பலர் வட்டமாகக் கூடி வாசிக்கும் ஜாமுக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு சோலோவை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். அதற்கு அங்கே கிடைக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாட்டில் மூன்று சரணம், மூன்று கோரஸ், நடுநடுவே ஒரு கருவி முன்னே வந்து சோலோ வாசிக்கும் மூன்று பிரேக், ஒவ்வொன்றும் 16 பார் (ஒரு பார் நான்கு அடி) என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 144 பார். அதில் உங்கள் பங்கு, கிடைத்தால், 16. மீதி 128 பாரிலும் நீங்கள் பக்கவாத்தியம்தான். எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் படிக்க வேண்டியது அந்த 128 பாரில் என்ன செய்வது என்பதைத்தான்.

இந்த இசையில் டிரம்ஸ் இல்லை. கென்டக்கிக்காரர் பில் மன்ரோ 1939-இல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தபோதே அவர் குழு ஓடிக்கொண்டிருந்தது. 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தன் மூன்று விரல் பாஞ்சோவுடன் வந்து சேர்ந்த பிறகுதான் இன்று நாம் ப்ளூகிராஸ் என்று கேட்கும் ஒலி முழுமையடைந்தது. மாண்டலின், பாஞ்சோ, கிட்டார், ஃபிடில் (வயலின்), நின்று வாசிக்கும் பெரிய பாஸ் என்று ஐந்து கருவிகள். டிரம்ஸ் செய்யும் வேலையை இந்த ஐந்தும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒருவர் தன் பங்கை விட்டுவிட்டு அடுத்தவர் பங்கை வாசிக்கத் தொடங்கினால் மொத்தமும் சேறாகிவிடும்.

பங்கு இதுதான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் பாஸ். இரண்டிலும் நான்கிலும் மாண்டலினின் ‘சாப்’, அதாவது சட்டென்று வெட்டி நிறுத்திய கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்). கிட்டார் இரண்டையும் ஒட்டவைக்கும்: ஒன்றில் தடித்த கம்பியில் ஒற்றைச் சுரம், இரண்டில் மெல்லிய கம்பிகளில் ஒரு வீச்சு, மூன்றில் வேறொரு தடித்த கம்பி, நான்கில் மறுபடி வீச்சு.

நம்மில் பலருக்குக் கை இயல்பாகவே ஒன்றிலும் மூன்றிலும்தான் தட்டும். இரண்டிலும் நான்கிலும் தட்டப் பழக ஒரே வழி மெட்ரோனோம், அதாவது சீராக ‘டிக்’ அடிக்கும் தாளக் கருவி. அதை நிமிடத்துக்கு 50-இல் வைத்து, விழும் ஒவ்வொரு ‘டிக்’கையும் இரண்டு, நான்கு என்று எண்ணுங்கள்; ஒன்றையும் மூன்றையும் நீங்களே நிரப்ப வேண்டும். முதலில் எண்ணிக்கை புரண்டு புரண்டு ‘டிக்’ ஒன்றில் போய் விழும். விழுந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். 80-இல் நிலையாக நின்றால் பெரும்பாலான பாட்டுகளுக்குப் போதும். விழாக்களில் கேட்கும் வேகமான ஃபிடில் மெட்டுகள் இதே கணக்கில் 120-ஐத் தாண்டும். அவற்றுக்கு அவசரமில்லை.

மாண்டலின்காரர்களுக்கு: ஜி கார்டின் சாப் வடிவம், தடித்த கம்பியிலிருந்து மெல்லியதை நோக்கி 7, 5, 2, 3 ஃப்ரெட்கள் (கழுத்தில் பதித்த குறுக்குப் பட்டைகள்). சுண்டுவிரல் 7-இல், மோதிர விரல் 5-இல், ஆள்காட்டி 2-இல், நடுவிரல் 3-இல். கை எட்டாதவர்கள் சுண்டுவிரலை விட்டுவிட்டு மூன்று கம்பிகளில் மட்டும் பிடிக்கலாம்; ஒலி கொஞ்சம் மெலியும், தாளம் கெடாது. சி-க்குத் தடித்த பக்கத்து மூன்று கம்பிகளில் 5, 2, 3. அதே வடிவத்தை இரண்டு ஃப்ரெட் மேலே நகர்த்தினால் 7, 4, 5, அது டி. விரலால் அழுத்தாத திறந்த கம்பி எதையும் அடிக்காததுதான் இந்த வடிவங்களின் பயன். பிக் (மீட்டும் சிறு தகடு) கம்பியைத் தொட்ட அடுத்த கணமே இடக்கை அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும், விரலை எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் திறந்த கம்பிகள் கிணுகிணுக்கும். தளர்த்தத் தாமதித்தால் கார்ட் நீண்டு அடுத்த அடியில் போய் மோதும். சாப் ‘டக்’ என்று கேட்காமல் ‘டிங்’ என்று கேட்டால் கோளாறு அநேகமாக இடக்கையில்தான்.

கிட்டாரில் அதிகம் நடக்கும் தவறு, ஆறு கம்பிகளையும் மேலும் கீழுமாக இடைவிடாமல் வீசுவது. ஜி கார்டில் முதலில் மிகத் தடித்த ஆறாவது கம்பியின் 3-ஆம் ஃப்ரெட், வீச்சு, பிறகு திறந்த நான்காம் கம்பி, வீச்சு. சி-யில் ஐந்தாம் கம்பியின் 3, பிறகு நான்காம் கம்பியின் 2. டி-யில் திறந்த நான்காம் கம்பி, பிறகு திறந்த ஐந்தாம் கம்பி. மெல்லிய பிக் வளைந்து தாமதிக்கும். குறைந்தது 1 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். பாடுகிறவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் மன்ரோ குழுவில் கிட்டார் வாசித்த லெஸ்டர் ஃப்ளாட் புகழாக்கிய ‘ஜி ரன்’ வரும். ஆறாம் கம்பியில் 3, ஐந்தாம் கம்பியில் 0 (திறந்த கம்பி), 1, 2, நான்காம் கம்பியில் 0, 2, கடைசியில் திறந்த மூன்றாம் கம்பி. அந்தக் கடைசிச் சுரம் பாஸ் விழும் வலுவான அடியில் பாஸோடு சேர்ந்து விழ வேண்டும். கற்றுக்கொண்ட உற்சாகத்தில் ஒவ்வொரு வரிக்கும் போடுகிறவர்கள் உண்டு. ஒரு சரணத்துக்கு ஒரு தடவை போதும்.

பாஞ்சோ மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடக்கூடிய கருவி. கட்டைவிரலில் பிளாஸ்டிக் பிக், இரண்டு விரல்களில் உலோகப் பிக். ‘ரோல்’ என்பது நான்கு அடிக்கு எட்டுச் சுரம். பாட்டு நடக்கும்போது வலக்கையைக் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை விட்டுக் கழுத்துப் பக்கம் நகர்த்தினால் ஒலி மென்மையாகும். வட்டத்தில் மாண்டலின் இல்லையென்றால் ரோலை விட்டுவிட்டு, மேல் ஃப்ரெட்களில் மூடிய கார்டைப் பிடித்து இரண்டிலும் நான்கிலும் வெட்டிக் கொடுப்பது பாஞ்சோவின் வேலையாகிறது. ஏ கீக்கு (கீ என்பது பாட்டின் ஆதார சுருதி) போகும்போது, கம்பிகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கவ்வியான கேப்போவை 2-ஆம் ஃப்ரெட்டில் போட்டால் மட்டும் போதாது. குட்டையான ஐந்தாம் கம்பியையும் 7-ஆம் ஃப்ரெட்டில் அடித்திருக்கும் சின்ன ஆணியின் கீழே சொருக வேண்டும். பி-க்குக் கேப்போ 4, ஆணி 9. கேப்போ போட்டதும் கம்பிகள் சற்று ஏறிவிடும் என்பதால் மறுபடி ட்யூன் பார்க்காமல் தொடங்காதீர்கள். கேப்போவை ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல, தேவைக்கு மேல் இறுக்காமல் போட்டால் இந்தத் தொல்லை பாதியாகும்.

ஃபிடிலும் டோப்ரோவும் (படுக்கவைத்து உலோகத் துண்டால் வாசிக்கும் கிட்டார்) பாட்டு வரிகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் மட்டும் பேச வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒருவர்.

இனி கார்டுகள். வட்டத்தில் யாரும் தாள் பார்த்து வாசிப்பதில்லை. கீயின் சுரவரிசையில் கார்ட் எத்தனையாவது என்பதை வைத்து ஒன்று, நான்கு, ஐந்து என்று எண்ணால் சொல்வார்கள், அல்லது விரலைக் காட்டுவார்கள். ஜி கீயில் ஜி, சி, டி. ஏ-யில் ஏ, டி, ஈ. பி-யில் பி, ஈ, எஃப் ஷார்ப். சி-யில் சி, எஃப், ஜி. டி-யில் டி, ஜி, ஏ. இந்த ஐந்து வரிசையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். தெரியாத பாட்டில் ‘ஒன்று’ கார்டைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். மெட்டோடு உரசத் தொடங்கினால் நான்கைப் போட்டுப் பாருங்கள், அதுவும் பொருந்தாவிட்டால் ஐந்து. கடைசி வரி பெரும்பாலும் ஐந்தைத் தொட்டு ஒன்றில் இறங்கும். விதிவிலக்குகள் உண்டு: ஏ கீயில் வாசிக்கும் ‘ஓல்ட் ஜோ கிளார்க்’ என்ற பழைய மெட்டில் ஜி மேஜர் வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது பாட்டைத் தேர்ந்து அழைக்கிறவரின் கடமை.

நீங்கள் கிட்டார் வாசிக்காவிட்டாலும் கிட்டாரின் ஜி, சி, டி கை வடிவங்களைக் கண்ணால் அடையாளம் காணப் பழகுங்கள். வழி தவறினால் பார்க்க வேண்டியது கிட்டார்காரரின் இடக்கையைத்தான். அங்கே கேப்போ 2-இல் இருந்தால் ஜி வடிவம் ஏ ஆகிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஹாட் ரைஸ் குழுவின் பாஞ்சோ கலைஞர் பீட் வெர்னிக் நடத்தும் ஜாம் வகுப்புகளில் சேரக் கேட்கப்படும் தகுதியே ட்யூன் செய்யத் தெரிவதும், ஜி, சி, டி, ஏ கார்டுகளைத் தடங்கலில்லாமல் மாற்றுவதும்தான். சோலோவைக் கேட்பதில்லை. அது சரியான அளவுகோல் என்பதே என் கருத்தும்.

பாட்டை அழைக்கும் முறை வந்தால், பாட்டின் பெயர், கீ, விநோதமான கார்ட் ஏதாவது இருந்தால் அது, தொடக்கத்தை யார் வாசிப்பது என்று இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். தொடக்கத்துக்குச் சரணத்தின் கடைசி வரி மெட்டு போதும். பிரேக் யாருக்கு என்பதைக் கோரஸ் முடிவதற்கு இரண்டு பார் முன்னதாகவே கண்ணால் கேட்க வேண்டும். கோரஸ் முடிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் நான்கு பார் வெறுமையாக ஓடும், பிறகு இருவர் ஒரே நேரத்தில் பாய்வார்கள். வேண்டாம் என்றால் தலையை ஆட்டிவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கடைசிக் கோரஸில் பாதத்தைச் சற்று உயர்த்திக் காட்டினால் முடியப் போகிறது என்று பொருள். இதை மறந்துவிட்டால் பாட்டு நிற்காது. ஃபிடில் மெட்டுகள் வேறு கணக்கு: முதல் பகுதி 8 பார் இரண்டு முறை, இரண்டாம் பகுதி 8 பார் இரண்டு முறை, மொத்தம் 32. இரண்டாவது முறையை விட்டுவிட்டு அடுத்த பகுதிக்குத் தாவுவதுதான் புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம்.

பிரேக்கை ஏற்றுக்கொண்டால் மெட்டின் வலுவான சுரங்களை மட்டும் வாசித்து, மீதியைக் கார்டின் சுரங்களால் நிரப்புங்கள். தவறினால் திரும்பிப் போய்த் திருத்தாதீர்கள். வீட்டில் தனியாகப் பழகும்போது நின்று திருத்தும் பழக்கம் வந்துவிடுகிறது. வட்டத்தில் அதற்குள் பாட்டு இரண்டு கார்ட் தள்ளிப் போயிருக்கும். அதனால் வீட்டிலும் நிற்காமல் ஓடும் ஒலிப்பதிவோடு பழகுவது நல்லது.

பாடுவதற்குத் தனி உழைப்பு வேண்டும். சரணத்தை ஒருவர் பாடுவார், கோரஸில் மூன்று குரல்கள் சேரும். மெட்டைப் பாடுவது லீட். அதற்கு மேலே டெனர், கீழே பாரிடோன். சூத்திரம் எளிது: எந்தக் கார்ட் ஓடுகிறதோ அதன் சுரங்களில் லீடுக்கு அடுத்து மேலே இருப்பது டெனருக்கு, அடுத்து கீழே இருப்பது பாரிடோனுக்கு. ஜி கார்டில் லீட் ஜி பாடினால் டெனர் மேலே உள்ள பி, பாரிடோன் கீழே உள்ள டி. சி கார்டில் லீட் ஈ-க்கு வந்தால் டெனர் ஜி, பாரிடோன் சி. டி கார்டில் லீட் எஃப் ஷார்ப் என்றால் டெனர் ஏ, பாரிடோன் டி. மூன்றையும் அடுத்தடுத்துப் பாடிப் பாருங்கள். பாரிடோன் டி, சி, டி என்று கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. தனியாகப் பாடினால் மெட்டே இல்லாததுபோல் தோன்றும், நினைவில் நிற்காது. அதனால்தான் பாரிடோனுக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. அதைக் கற்றுக்கொண்டவரை எந்த வட்டமும் இழுத்துப் பிடித்து உட்காரவைக்கும்.

லீடைக் கைபேசியில் பதிவு செய்து, அதை ஓடவிட்டு உங்கள் பகுதியை முதலில் ‘ஊ’ என்று மட்டும் பாடுங்கள். சொற்கள் பிறகு. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இங்கே இரண்டு சிக்கல். ஒன்று, குரல் தானாக மெட்டுக்கே வழுக்கிப் போகும். இரண்டு, சுரத்தை அசைக்கும் பழக்கம். கமகம் வந்த இடத்தில் மூன்று குரலும் ஒட்டாது. நேராக, அசையாமல் நிறுத்துங்கள். லீட் பாடுகிறவரின் வாயைப் பார்த்து, உயிரெழுத்தை அதே அளவு திறந்து, கடைசி மெய்யெழுத்தை அவரோடு சேர்ந்து முடியுங்கள். டெனர் உயரத்தில் இருப்பதால் மெல்லப் பாடினாலும் கேட்கும். லீடைவிடச் சற்று அடங்கியே இருக்கட்டும். ஒரு பகுதிக்கு ஒருவர்தான். கோரஸுக்கு முன்பே ‘டெனர் யார்?’ என்று கேட்டுவிடுங்கள்.

கீயை முடிவு செய்வது பாடுகிறவரின் உரிமை. ஆண்கள் பெரும்பாலும் ஜி, ஏ, பி. பெண்கள் சி, டி, ஈ. பாட்டின் உச்சச் சுரம் கொஞ்சம் எட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் இருந்தால்தான் இந்தப் பாணிக்குரிய கூர்மை வரும், ஆனால் மேலே டெனர் பாடுகிறவருக்கும் எட்ட வேண்டுமே. வாசிக்கக் கடினம் என்பதற்காகப் பாடுகிறவரைக் கீ மாற்றச் சொல்வது மரியாதையில்லை. கேப்போ இருப்பதே அதற்குத்தான், கேப்போ போடாத மாண்டலினுக்குச் சாப் வடிவத்தை நகர்த்தினால் போதும்.

பாடுகிறவரின் சொற்கள் உங்களுக்குக் கேட்கவில்லையென்றால் நீங்கள் சத்தமாக வாசிக்கிறீர்கள். வட்டத்தில் ஏற்கெனவே பாஸ் இருந்தால் இரண்டாவது பாஸை வெளியே எடுக்காதீர்கள். இரண்டாவது பாஞ்சோ வந்தால் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் கையைக் கம்பிமேல் வைத்து ஓய்வெடுக்கட்டும். வேகம் உங்கள் கைக்கு மீறிப் போகும் மெட்டு வந்தால் கருவியைக் கீழே வைக்க வேண்டியதில்லை. ஓரடி பின்னால் நகர்ந்து, எல்லாக் கம்பிகளையும் இடக்கையால் அடக்கிக்கொண்டு இரண்டிலும் நான்கிலும் மட்டும் தட்டிக்கொண்டிருங்கள். கார்ட் மாறும் இடங்களை வாயால் எண் சொல்லிப் பின்தொடர்ந்தால், அடுத்த முறை அதே மெட்டு வரும்போது கார்ட் வாசிக்கலாம்.