கிளை குறைந்த நத்தார் மரத்தை நிரப்புவது

நாலடிப் பிளாஸ்டிக் மரம் பெட்டிக்குள்ளிருந்து வரும்போது எலும்பும் தோலுமாகத்தான் நிற்கும். அதை நிரப்புவது கிளையை விரிக்கும் விதம்தான், பந்துகள் இல்லை. அடித்தட்டில் தொடங்குங்கள். ஒவ்வொரு கிளையிலும் தண்டோடு ஒட்டியுள்ள சிறுகொப்பை முதலில் பிரித்து, ஒன்றை மேலே, ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம் வளைத்து, நுனியைக் கடைசியாக விரியுங்கள். நுனியை மட்டும் விரித்தால் நடுத்தண்டு அப்படியே தெரியும். மரத்தை மூலையில் வைத்தால், பின்பக்கக் கிளைகளை முன்னுக்கு வளைத்துவிடலாம்.

பிறகும் தண்டு தெரிந்தால் கரும்பச்சைச் சரிகையைத் தண்டோடு சுற்றுங்கள். வெள்ளிச் சரிகை வெளிச்சத்தில் மினுங்கி இடைவெளியையே காட்டிக்கொடுக்கும். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் சவுக்குக் கொப்பு கிடைக்கும். கட்டுக்கம்பியால் இடையிடையே கட்டினால் மரத்துக்கு உயிர் வரும். ஆனால் அது காய்ந்து கொட்டும், எளிதில் தீப்பிடிக்கும். நத்தாருக்கு இரண்டு மூன்று நாள் முன்னர் கட்டுங்கள். மெழுகுதிரியை மரத்துக்குக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

சோடனைக்கு முன்னர் லைட். 100 குமிழ் எல்ஈடி சரம் ஒன்று போதும். சுற்றுவதற்கு முன் எரித்துப் பாருங்கள். தண்டுக்கு உள்ளே கொண்டுபோய் நுனிக்கு வெளியே எடுத்தால் ஆழம் தெரியும். பெரிய பந்துகள் உள்ளே, சின்னவை நுனியில்.

மார்கழி வன்னியில் மழைக்காலம். விறாந்தை நட்சத்திரத்தின் பிளக் கூரைக்குள்ளேயே இருக்கட்டும், இடி மின்னல் வரும்போல இருந்தால் முன்னரே கழற்றிவிடுங்கள். பாலன் குடிலுக்கு வைக்கோலை நன்றாக வெயில் காட்டி எடுங்கள், ஈர வைக்கோல் பூஞ்சணம் பிடிக்கும்.